நோயாளி கஞ்சா பயன்படுத்துவதாகச் சொன்னால் மருந்தாளர் என்ன செய்ய வேண்டும்?

பினாங்கில் பார்மசி கவுண்டரில் நிற்கும் எவருக்கும் இது ஒருமுறையாவது நடந்திருக்கும். தெரிந்த ஆன்டி ஒருவர் வருவார், பையிலிருந்து ஒரு சின்ன எண்ணெய் பாட்டிலை எடுத்து மேசையில் வைப்பார், "ஹாட்யாய் போனப்போ வாங்கினோம் தம்பி, மூட்டு வலிக்கு நல்லதாம், என் பிரஷர் மாத்திரையோட சேர்த்து எடுக்கலாமா பாரு" என்பார். பாட்டிலில் பச்சை இலைப் படம் இருக்கும். அவருக்கு அது தாய்லாந்தில் வாங்கிய ஒரு தைலம், அவ்வளவுதான். நமக்கோ அந்த நொடியில் கை நடுங்கும்.

பெரும்பாலானவர்கள் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். "ஐயோ, இதெல்லாம் இங்கே கொண்டு வராதீங்க" என்று விரட்டிவிடுவது, இல்லையென்றால் காதில் விழாதது போல மாத்திரையை மட்டும் கொடுத்து அனுப்புவது. இரண்டுமே தவறு என்பது என் உறுதியான எண்ணம். விரட்டினால் அவர் அடுத்த முறை சொல்லமாட்டார், ஆனால் எண்ணெயை நிறுத்தவும் மாட்டார். காது கேட்காதது போல் இருந்தால் ஆபத்தான மருந்துக் கலவை ஒன்று நம் கை வழியாகவே போகும். பேச்சுக்கு முழுதாக இடம் கொடுங்கள், ஆனால் பொருளைத் தொடாதீர்கள். கீழே வருவதெல்லாம் இந்த இரண்டையும் ஒரே நேரத்தில் எப்படிச் செய்வது என்பதுதான்.

சட்டம் எங்கே நிற்கிறது

மலேசியாவின் 1952-ஆம் ஆண்டு அபாயகரப் போதைப்பொருள் சட்டம்தான் அடிப்படை. கஞ்சா இனத்தைச் சேர்ந்த எந்தச் செடியும், அதன் எந்தப் பகுதியும், என்ன பெயரில் அழைத்தாலும் அந்தச் சட்டத்துக்குள் வந்துவிடும். அமெரிக்காவில் டிஎச்சி (கஞ்சாவில் போதை தரும் பொருள்) 0.3 விழுக்காட்டுக்குள் இருந்தால் ஹெம்ப், தாய்லாந்தில் சாறுகளுக்கு 0.2 விழுக்காடு என்றெல்லாம் வாடிக்கையாளர்கள் இணையத்தில் படித்துவிட்டு வருவார்கள். நம் சட்டத்தில் அப்படி ஒரு கோடு கிடையாது. அதனால் "இதில் போதை இல்லை, வெறும் சிபிடிதான்" என்ற வாதம் (சிபிடி என்பது கஞ்சாவில் உள்ள, போதை தராத பொருள்) இங்கே பாதுகாப்பு தராது.

தண்டனைகளை நீங்கள் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும் என்றில்லை, ஆனால் நோயாளிக்கு எடுத்துச் சொல்லும் அளவுக்குத் தெரிந்திருக்க வேண்டும். கஞ்சா வைத்திருந்தாலே 6-வது பிரிவின் கீழ் 5 ஆண்டு வரை சிறை அல்லது 20,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது இரண்டும். உடலுக்குள் எடுத்துக்கொண்டால் 15-வது பிரிவு: 5,000 ரிங்கிட் வரை அபராதம் அல்லது 2 ஆண்டு வரை சிறை. எடை 20 கிராமைத் தாண்டினால் 39ஏ பிரிவு வந்து பிரம்படியும் சேரும், 50 கிராமுக்கு மேல் இன்னும் கடுமை. 200 கிராம் ஆகிவிட்டால் கடத்தல் என்றே சட்டம் அனுமானித்துக்கொள்ளும். 2023 ஜூலை 4 முதல் மரண தண்டனை கட்டாயம் இல்லை என்று ஆனாலும், அந்தத் தண்டனை சட்டத்தில் இன்னும் இருக்கிறது.

அப்படியானால் மருத்துவத்துக்குக் கஞ்சாவே கூடாதா? அப்படியும் இல்லை. 2021 நவம்பரில் அப்போதைய சுகாதார அமைச்சர் கைரி ஜமாலுடின் நாடாளுமன்றத்தில் இதற்குத் தெளிவாகப் பதில் சொன்னார். கஞ்சா உள்ள மருந்து மருந்துக் கட்டுப்பாட்டு ஆணையத்தில் பதிவாகியிருக்க வேண்டும், இறக்குமதி செய்பவரிடம் உரிய உரிமமும் அனுமதியும் இருக்க வேண்டும், குறிப்பிட்ட நோயாளிக்கு அதைக் கொடுப்பவர் பதிவு பெற்ற மருத்துவராகவோ, மருத்துவரின் சீட்டை வைத்துக் கொடுக்கும் ஏ வகை உரிமம் (மருந்தாளருக்கான நச்சுப் பொருள் உரிமம்) கொண்ட மருந்தாளராகவோ இருக்க வேண்டும். மருந்தாளருக்கு இந்த வழியில் இடம் இருக்கிறது. ஆனால் அது பதிவு பெற்ற மருந்துக்கான இடம், டெலிகிராமில் வாங்கிய எண்ணெய்க்கான இடம் அல்ல. ஒரு பொருள் பதிவானதா என்று சந்தேகம் வந்தால் லேபிளில் எம்ஏஎல் என்று தொடங்கும் பதிவு எண்ணைத் தேடுங்கள், அப்புறம் தேசிய மருந்து ஒழுங்குமுறை முகமையின் குவெஸ்ட் 3 பிளஸ் பக்கத்தில் அந்த எண்ணைப் போட்டுப் பாருங்கள். எண் இருப்பது மட்டும் போதாது, அந்த எண் அந்தப் பொருளுக்கே உரியதா என்பதையும் பார்க்க வேண்டும்.

பாட்டில் மேசைக்கு வந்துவிட்டால்

இதுதான் நம் ஆட்கள் அதிகம் சறுக்கும் இடம், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அதைக் கையில் எடுக்காதீர்கள். முகர்ந்து பார்க்க வேண்டாம், "வச்சிட்டுப் போங்க, கேட்டுச் சொல்றேன்" என்று வாங்கி வைக்கவும் வேண்டாம். காரணம் 37-வது பிரிவில் உள்ள அனுமானம்: போதைப்பொருள் அடங்கிய எதுவும் உங்கள் கட்டுப்பாட்டில் இருப்பது கண்டுபிடிக்கப்பட்டால், அது உங்களிடம் இருந்தது, அது என்ன என்று உங்களுக்குத் தெரியும், என்றுதான் சட்டம் தொடங்கும். இல்லை என்று நிரூபிப்பது உங்கள் வேலையாகிவிடும். நல்ல எண்ணத்தோடு டிராயரில் வைத்த ஒரு பாட்டிலுக்காக ஒரு மருந்தாளர் தன் பதிவையும் வாழ்க்கையையும் பணயம் வைக்க வேண்டிய தேவையே இல்லை.

மிச்சமான மருந்துகளைத் திரும்பப் பெறும் பெட்டி சில இடங்களில் இருக்கும். அதில் இதைப் போடச் சொல்லாதீர்கள். "நீங்களே எங்காவது போட்டுடுங்க" என்று நோயாளி கெஞ்சினாலும் வாங்காதீர்கள்.

சரி, அப்படியானால் என்ன செய்வது? அமைதியாகச் சொல்லுங்கள்: "ஆன்டி, இதைப் பையில வைங்க. இது நம்ம நாட்டுல சட்டப்படி பெரிய விஷயம், நான் தொடக்கூடாது. ஆனா இதைப் பத்திப் பேசலாம், வாங்க." பிறகு லேபிளில் என்ன எழுதியிருக்கிறது என்று அவரையே படித்துச் சொல்லச் சொல்லுங்கள். எத்தனை நாளாக, எவ்வளவு, எப்படி என்பதும் அவர் வாயால்தான் வர வேண்டும். உங்களுக்குத் தேவை தகவல், பாட்டில் அல்ல.

எல்லை தாண்டிக் கொண்டு வந்ததாகச் சொன்னால், அது தாய்லாந்துக் கடையில் வெளிப்படையாக விற்றாலும் புக்கிட் காயு ஹித்தாம் எல்லைச் சாவடியைத் தாண்டியதும் போதைப்பொருள் ஆகிவிடும் என்று நேராகச் சொல்லிவிடுங்கள். 2022 ஜூனில் தாய்லாந்து கஞ்சாவைப் போதைப்பொருள் பட்டியலிலிருந்து எடுத்தது, 2025-இல் பூவுக்கு மருந்துச்சீட்டு வேண்டும் என்று மறுபடி இறுக்கியது. இந்த மாற்றங்களில் எதுவும் நம் சட்டத்தைத் தொடவில்லை. பிஸ்கட், பானம், மிட்டாய், தைலம் எல்லாவற்றுக்கும் இதே விதிதான்.

நம் மக்களுக்கென்று இன்னொரு வழியும் இருக்கிறது, இதை மற்ற இன மருந்தாளர்கள் பலர் கவனிப்பதில்லை. ஊருக்குப் போய் வரும்போது வாங்கி வரும் லேகியங்களும் சூரணங்களும். இந்தியாவின் 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்தில் கஞ்சா இலை மட்டும் தனியாக இருந்தால் அது கஞ்சாவாகக் கணக்கில் வராது, அதனால் ஆயுர்வேத மருந்துகள் சிலவற்றில் அது வெளிப்படையாகவே சேர்க்கப்படுகிறது. லேபிளில் விஜயா அல்லது பாங் என்றிருக்கும். தாத்தா சென்னையில் ரசீதோடு வாங்கிய தூக்க லேகியம் பாயான் லெப்பாஸ் விமான நிலையத்தில் அவரைச் சிக்க வைக்கலாம். வயதானவர்களிடம் மருந்து விவரம் கேட்கும்போது "ஊர்ல இருந்து ஏதாவது லேகியம், எண்ணெய் எடுக்கிறீங்களா?" என்ற ஒரு கேள்வியைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எப்படிக் கேட்பது

முதலில் இடம். கவுண்டரில் பின்னால் நாலு பேர் நிற்கும்போது இந்தப் பேச்சு வேண்டாம். நம் சமூகம் சின்னது, பட்டர்வொர்த்தில் ஒருவர் காதில் விழுந்தது சாயங்காலத்துக்குள் பிறை வரை போய்விடும். ஓரமாகக் கூப்பிடுங்கள், குரலைத் தாழ்த்துங்கள்.

அடுத்து, ஏன் கேட்கிறீர்கள் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். "அண்ணே, இந்த மருந்து சில பொருளோட சேர்ந்தா ரத்தம் ஒழுகும், அதனால எல்லார்கிட்டயும் கேட்கிறேன். சிகரெட், தண்ணி, கெத்தும், கஞ்சா, ஏதாவது உண்டா?" எல்லோரிடமும் கேட்பதாகச் சொல்வது முக்கியம். தோற்றத்தையோ இனத்தையோ பார்த்துக் கேட்கிறோம் என்று ஓர் இளைஞன் நினைத்துவிட்டால் அவன் வாயைத் திறக்கமாட்டான், அவன் நினைப்பதிலும் நியாயம் இருக்கும். வடக்கு மாநிலங்களில் கெத்துமையும் (கிராத்தோம் என்ற இலை) சேர்த்துக் கேட்பது அவசியம். அது வேறு சட்டத்தின் கீழ், அதாவது நச்சுப் பொருள் சட்டத்தின் கீழ் வருவது, ஆனால் மயக்க மருந்துகளோடு சேரும்போது அதுவும் ஆபத்துதான்.

ஆம் என்று பதில் வந்தால் முகத்தை மாற்றாதீர்கள். புகையா, எண்ணெயா, தின்பண்டமா என்று கேளுங்கள், ஏனென்றால் உடலில் இவை வேலை செய்யும் விதம் வேறு. புகைத்தால் சில நிமிடங்களில் தெரியும். தின்றால் அரை மணியிலிருந்து இரண்டு மணி நேரம் கூட ஆகும், ஒன்றும் ஆகவில்லையே என்று இன்னொரு துண்டு தின்றுவிட்டு அவசரப் பிரிவுக்குப் போகிறவர்கள் இப்படித்தான் போகிறார்கள்.

மருந்துக் கலவை: உங்கள் உண்மையான வேலை இங்கேதான்

சட்டம் பற்றிப் பயப்பட எல்லோருக்கும் தெரியும். இதைச் சொல்ல மருந்தாளரால்தான் முடியும்.

ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் எடுப்பவர்தான் என் பட்டியலில் முதல் ஆள். கஞ்சாவும் சிபிடியும் வார்ஃபரின் சிதைவதைத் தடுத்து ஐஎன்ஆரை (ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்பதைக் காட்டும் அளவு) ஏற்றிவிடலாம், அப்படி ஏறிய நோயாளிகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறார்கள். ஈறில் ரத்தம், காரணமில்லாத கன்றல், கறுத்த மலம் உண்டா என்று உடனே கேளுங்கள். அரசு மருத்துவமனையில் மருந்தாளர்கள் நடத்தும் வார்ஃபரின் கிளினிக்குக்கு அவரை முன்கூட்டியே அனுப்பி ஐஎன்ஆர் பார்க்கச் சொல்லுங்கள். இன்னொன்றையும் மறக்க வேண்டாம்: அவர் எண்ணெயைத் திடீரென நிறுத்தினாலும் ஐஎன்ஆர் மாறும். நிறுத்துவது நல்லதுதான், ஆனால் கிளினிக்குக்குத் தெரிந்து நிறுத்த வேண்டும்.

வலிப்புக்குக் குளோபசாம் எடுக்கும் குழந்தைக்குச் சிபிடி கொடுத்தால், குளோபசாமின் வீரியமுள்ள சிதைவுப் பொருள் ரத்தத்தில் பெருகிக் குழந்தை தூங்கி வழியும். வால்ப்ரோயேட் என்ற இன்னொரு வலிப்பு மருந்தோடு சேர்ந்தால் கல்லீரல் என்சைம்கள் ஏறலாம். இந்தப் பெற்றோர்களிடம் குறிப்பாக மென்மையாக இருங்கள். அமெரிக்காவில் 2018-இல் எபிடியோலெக்ஸ் என்ற தூய்மையான சிபிடி மருந்து லெனாக்ஸ்-கஸ்டோ, டிராவெட் என்ற இரண்டு கடுமையான வலிப்பு நோய்களுக்கு அனுமதி பெற்றது, அந்தச் செய்தியைப் படித்துவிட்டுத்தான் அவர்கள் வருகிறார்கள். அவர்கள் படித்தது பொய் அல்ல. ஆனால் அந்த மருந்து எடைக்கு ஏற்ற அளவில், ரத்தப் பரிசோதனையோடு கொடுக்கப்படுவது. ஆன்லைனில் வரும் பாட்டிலில் என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. பதிவாகாத ஒரு மருந்து உண்மையிலேயே தேவை என்றால் அந்தப் பேச்சு குழந்தை நரம்பியல் நிபுணரிடம்தான் தொடங்க வேண்டும் என்று சொல்லி, அவரிடம் என்னென்ன கேட்க வேண்டும் என்பதை ஒரு தாளில் எழுதியே கொடுங்கள்.

சிறுநீரக மாற்று சிகிச்சை செய்தவர், புதிய உறுப்பை உடல் நிராகரிக்காமல் தடுக்கும் டாக்ரோலிமஸ் எடுத்தால் சிபிடி அதன் அளவை ஏற்றிவிடும், அது புதிய சிறுநீரகத்தையே கெடுக்கலாம். அன்றைக்கே அவருடைய மருத்துவரோடு பேச வேண்டிய விஷயம் இது.

மனநோய் மருந்துகளான குளோசபின், ஓலன்சபின் கதை தலைகீழ். கஞ்சாப் புகை, சிகரெட் புகையைப் போலவே, இந்த மருந்துகளைச் சிதைக்கும் என்சைமைத் தூண்டும். அதனால் புகைக்கும்போது மருந்தின் அளவு குறைவு. மருத்துவமனையில் சேர்ந்தோ, மறுவாழ்வு மையத்துக்குப் போயோ புகை நின்றால் அதே மாத்திரை அதே அளவில் அதிகமாகிவிடும். மனநோய் வரலாறு உள்ளவருக்குக் கஞ்சாவே நோயைக் கிளப்பும் என்பது தனி.

அப்புறம் மயக்கம். மெத்தடோன், மார்பின், தூக்க மாத்திரை, மது, இவற்றோடு கஞ்சா சேர்ந்தால் மயக்கம் கூடும். இதில் நம் நேரடிப் பொறுப்பு ஒன்று இருக்கிறது: குளோர்பெனிரமின், புரோமெதசின் போன்ற தூக்கம் தரும் சளி, ஒவ்வாமை மருந்துகள் சி பிரிவில் இருப்பவை, மருத்துவர் சீட்டு இல்லாமல் நாமே முடிவு செய்து கொடுப்பவை. அங்கே கேட்காமல் விட்டால் பழியைப் போட வேறு ஆளில்லை. மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போகிற தம்பிக்குத் தூக்கம் வராத மாற்று மருந்து கொடுங்கள்.

வாந்திக்கும் வயிற்று வலிக்கும் மாதாமாதம் மருந்து வாங்க வரும் இளைஞர் "சுடுதண்ணியில குளிச்சாதான் அடங்குது" என்று சொன்னால் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். நீண்ட நாள் கஞ்சா புகைப்பவர்களுக்கு வரும் கடும் வாந்தி நோயின் அடையாளம் அது. கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் டிஎச்சி குழந்தைக்குப் போய்ச் சேரும் என்பதைச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுங்கள்.

புற்றுநோயாளி வந்தால்

இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். எண்ணெய் புற்றைக் கரைக்கும் என்று நம்பி வருபவரிடம் வாதாட வேண்டாம், ஆனால் மனிதர்களிடம் அப்படி நிரூபிக்கப்படவில்லை என்பதை மறைக்கவும் வேண்டாம். பெரும்பாலும் அவர் எண்ணெயைத் தேடுவது வலி அடங்காததால்தான், அல்லது குமட்டல் நிற்காததால். அதைக் கேளுங்கள்: "ராத்திரி தூங்க முடியுதா அங்கிள்? மார்பின் கொடுத்திருக்காங்களா, எப்படி எடுக்கிறீங்க?" மார்பின் எடுத்தால் சீக்கிரம் செத்துவிடுவோம் என்ற பயத்தில் சிரப்பை அலமாரியிலேயே வைத்துவிட்டு, சட்டத்துக்குப் புறம்பான எண்ணெய்க்கு நூற்றுக்கணக்கில் ரிங்கிட் கொட்டுகிற குடும்பங்கள் உண்டு. அந்தப் பயத்தைப் போக்கி, மலச்சிக்கலுக்கு மருந்து கொடுத்து, நோய்த்தணிப்புப் பிரிவுக்கு அனுப்பினால் பாதிப் பேருக்கு எண்ணெய் தேவைப்படாது என்பது என் நம்பிக்கை. கஞ்சா மருந்துகள் பதிவு பெற்று, சரியான அளவோடு நம் அலமாரிக்கு வர வேண்டும் என்று விரும்புகிறவன் நான். அது வரும்வரை அங்கிளுக்கு இன்றைக்கு வலி இருக்கிறது, அதற்கு இன்றைக்கே சட்டப்படியான மருந்தும் இருக்கிறது.

சொல்லக்கூடாதவை, விற்கக்கூடாதவை

எங்கே கிடைக்கும், யார் நல்லது விற்கிறார்கள், எப்படிக் கொண்டு வருவது என்ற கேள்விகளுக்குப் பதில் கிடையாது. 33-வது பிரிவின்படி உடந்தையாக இருப்பதும் குற்றமே. "பயன்படுத்தினால் இந்த ஆபத்து" என்பது ஆலோசனை, "இந்த ஆளிடம் வாங்குங்கள்" என்பது உடந்தை.

பதிவில்லாத சிபிடி மிட்டாயையோ கிரீமையோ ஏஜென்ட் யாராவது "சாம்பிள்" என்று கொண்டு வந்தால் கதவிலேயே திருப்பி அனுப்புங்கள். போதைப்பொருள் சட்டத்தை விட்டுவிட்டாலும், பதிவாகாத மருந்தை விற்றதற்கே 1952-ஆம் ஆண்டு மருந்து விற்பனைச் சட்டத்தின் கீழ் தனிநபருக்கு முதல் குற்றத்துக்கு 25,000 ரிங்கிட் வரை அபராதம் அல்லது 3 ஆண்டு வரை சிறை உண்டு, நிறுவனத்துக்கு 50,000 ரிங்கிட் வரை. சிறுநீர்ச் சோதனையை ஏமாற்ற உதவும் என்று சொல்லி எதையும் விற்காதீர்கள். எத்தனை நாளில் உடலை விட்டுப் போகும் என்று கேட்டால், எப்போதாவது எடுப்பவருக்குச் சில நாள், தினமும் எடுப்பவருக்குப் பல வாரம் கூட ஆகலாம், நாள் குறித்துச் சொல்ல யாராலும் முடியாது என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

குடும்பம், போலீஸ், பதிவேடு

"என் மகன் உங்ககிட்ட என்ன வாங்கினான், கஞ்சா அடிக்கிறானா?" என்று ஓர் அம்மா அழுதுகொண்டே கேட்பார். மகன் வயது வந்தவன் என்றால் அவன் சொன்னதை நீங்கள் சொல்ல முடியாது. உடல்நலத் தகவல் 2010-ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் உணர்வு நுட்பமான தரவு, பொதுவாக அவனுடைய வெளிப்படையான ஒப்புதல் வேண்டும். "அக்கா, மத்தவங்க விஷயத்தை நான் சொல்ல முடியாது, உங்க விஷயத்தையும் அப்படித்தான் காப்பாத்துவேன். ஆனா நீங்க வீட்ல என்ன பார்த்தீங்கன்னு சொல்லுங்க, என்ன செய்யலாம்னு பேசலாம்" என்றால் பெரும்பாலானவர்கள் புரிந்துகொள்வார்கள். சிறுநீர்ச் சோதனைக் கிட் கேட்டால் கொடுக்கும்போது, அதில் வரும் முடிவு முதல் கட்டம்தான், ஆய்வகத்தில் உறுதி செய்யாமல் பிள்ளை மேல் பாயக்கூடாது என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். தேசியப் போதைப்பொருள் தடுப்பு முகமையின் கியூர் அண்ட் கேர் கிளினிக்குகளுக்குத் தானாக முன்வந்து போகலாம் என்பது பல குடும்பங்களுக்குத் தெரியாது, அதையும் சொல்லுங்கள்.

அதிகாரிகள் வந்தால் மறைக்கவோ, பதிவேட்டைத் திருத்தவோ கூடாது. அடையாள அட்டையைப் பாருங்கள், பெயர், பதவி, எந்தச் சட்டத்தின் கீழ் என்ன கேட்கிறார் என்பதை எழுதிக்கொள்ளுங்கள், சட்டம் கேட்பதைக் கொடுங்கள், போனில் யாரோ "இன்ஸ்பெக்டர் பேசுகிறேன்" என்றதற்கெல்லாம் நோயாளி விவரம் கொடுக்காதீர்கள். சந்தேகம் இருந்தால் கொடுப்பதற்கு முன் வழக்கறிஞரைக் கேளுங்கள்.

பதிவேட்டில் எழுதும்போது மருத்துவக் காரணத்துக்குத் தேவையானதை மட்டும் எழுதுங்கள்: தேதி, நோயாளி சொன்ன பொருள், எந்த மருந்தோடு மோதுகிறது, என்ன ஆலோசனை சொன்னீர்கள், யாரிடம் அனுப்பினீர்கள். "போதைக்காரன் போல் இருந்தான்" என்ற மாதிரி ஒரு வரி கூட வேண்டாம். அந்தப் பதிவை யார் பார்க்கலாம் என்பதையும் கடையில் முடிவு செய்துவிடுங்கள், கேஷியர் பார்க்கத் தேவையில்லை.

பக்க விளைவு என்று சந்தேகம் வந்தால் தேசிய மருந்து ஒழுங்குமுறை முகமைக்கு அறிக்கை அனுப்பலாம், அதில் சந்தேகமே போதும், நிரூபணம் தேவையில்லை. குழந்தை கஞ்சா மிட்டாயைத் தின்றுவிட்டது என்று போன் வந்தால் மட்டும் எந்தக் கேள்வியும் வேண்டாம். உடனே அவசரப் பிரிவுக்குக் கொண்டு போகச் சொல்லுங்கள், வாந்தி எடுக்க வைக்க வேண்டாம், மருத்துவரிடம் என்ன தின்றது என்று உண்மையைச் சொல்லச் சொல்லுங்கள். சிகிச்சை ஆலோசனைக்கு நம் பினாங்கிலேயே, அறிவியல் பல்கலைக்கழகத்தில், தேசிய நச்சு மையம் இருக்கிறது. அதன் எண்ணைக் கவுண்டருக்குப் பின்னால், பகுதிநேர ஊழியர் கண்ணிலும் படும் இடத்தில் ஒட்டி வையுங்கள்.